முப்பத்திரண்டு கம்பிகளும் ஒரு சான்றிதழும்

பினாங்கில், சூலியா தெருவில் ஒரு சைக்கிள் கடையின் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்று தொங்குகிறது. அதை வைத்திருப்பவர் சைக்கிள் சக்கரம் கோப்பதில் முறையாகப் பயின்று தேறியவர் என்று அதில் ஆங்கிலத்தில் அச்சடித்து, முத்திரையும் குத்தியிருக்கிறது. அவர் தம் வாழ்நாளில் ஒரு சக்கரம்கூடக் கோத்ததில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்தச் சான்றிதழை அவருக்கு வாங்கிக் கொடுத்த சக்கரத்தைக் கோத்தவன் நான்.

இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. வரட்டும். கோபம் அடங்கட்டும், பிறகு எழுதலாம் என்று சில வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டேன். அது அடங்குகிற வழியாகத் தெரியவில்லை.

அப்போது ரப்பர் விலை விழுந்து, எஸ்டேட்டுகளில் ஆள் குறைத்துக்கொண்டிருந்த காலம். நான் அந்தக் கடையில் ஒன்பது வருஷமாக வேலை செய்துகொண்டிருந்தேன். முதலாளி எங்களைப் போல இராமநாதபுரத்துப் பக்கத்துக் குடும்பம்தான். ஆனால் பினாங்கிலேயே பிறந்து, இங்கிலீஷ் பள்ளியில் படித்தவர். நல்ல மனிதர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். யாரையும் அதட்டிப் பேசமாட்டார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு மேசையில் உட்கார்ந்திருப்பார். புதுச் சைக்கிள் வாங்க யாராவது வந்தால் எழுந்து வந்து மணியை ஒரு தரம் அடித்துக் காட்டுவார். சைக்கிளில் அவர் கை படுகிற இடம் அது ஒன்றுதான்.

மற்றதெல்லாம் என் கை. சக்கரத்தின் கோட்டம் எடுப்பது, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கை நிமிர்த்துவது, எல்லாவற்றுக்கும் மேலாகச் சக்கரம் கோப்பது. வெறும் ரிம், நடுவில் ஒரு ஹப், இரண்டையும் இணைக்க முப்பத்திரண்டு கம்பி. இதை ஒரு சக்கரமாக்குவது சின்ன வேலை இல்லை. முதல் கம்பி எந்தத் துளையில் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. காற்று வால்வு வருகிற துளைக்குப் பக்கத்துத் துளையிலிருந்து தொடங்க வேண்டும். அதை விட்டு வேறெங்காவது தொடங்கினால், எல்லாக் கம்பியும் போட்டு முடித்த பிறகு வால்வுக்கு மேலே இரண்டு கம்பி குறுக்கே வந்து நிற்கும். காற்றடிக்கப் பம்பின் தலை உள்ளே போகாது. மறுபடியும் முப்பத்திரண்டையும் கழற்ற வேண்டியதுதான்.

முதல் கம்பியைப் போடும் முன் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்கள் ஆட்கள் எதைத் தொடங்கினாலும் பிஸ்மில்லாவுக்கு அடையாளமாக 786 என்று எழுதுவோம். கடிதத்தின் தலையில் எழுதுவோம், கல்யாணப் பத்திரிகையில் எழுதுவோம், வீட்டு நிலையில் எழுதுவோம். நான் சக்கரத்தில் எழுதினேன். ரிம்மின் உட்பக்கம், வால்வுத் துளைக்குப் பக்கத்தில், ஆணி முனையால் மெல்லக் கீறுவேன். மேலே ரப்பர் நாடாவைச் சுற்றிவிட்டால் யார் கண்ணுக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அது எனக்கும் படைத்தவனுக்கும் உள்ள பேச்சு.

அந்த வருஷம் கடற்கரைத் தெருவில் சைக்கிள் இறக்குமதி செய்துகொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி ஓர் அறிவிப்புப் போட்டது. ரிப்பேர் வேலை செய்கிறவர்களுக்கு ஆறு வாரம் பயிற்சி கொடுப்பார்களாம். பிறகு பரீட்சை. தேறினவர்களுக்குச் சான்றிதழும், கடைக்கு முன்னால் மாட்ட ஒரு நீலநிறப் பலகையும். இனிமேல் அந்தக் கம்பெனிச் சைக்கிளின் உதிரிச் சாமான்களும் உத்தரவாத வேலையும் பலகை உள்ளவர்களுக்கு மட்டும்தான்.

எனக்கு அந்தப் பலகை எவ்வளவு வேண்டியிருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். கல்யாணமாகி மூன்று வருஷமாகியும் நான் கடை மாடியில் மற்ற ஆட்களோடு படுத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி சுங்கை பாக்காப்பில் தன் வாப்பாவின் மளிகைக் கடை வீட்டில் இருந்தாள். மாதம் ஒரு தடவை பெர்ரி ஏறிக் கடல் தாண்டி, பஸ் பிடித்துப் போவேன். என் மகளுக்கு ஒன்றரை வயது. என்னைக் கண்டால் வேற்றாளைக் கண்டதுபோல் அழுவாள். கேம்பல் தெருவில் ஒரு சீன மருந்துக்கடை முதலாளி, தவுக்கே என்போம், தன் கடைக்கு முன்னால் உள்ள அஞ்சடி நடைபாதையில் எனக்கு ஒரு மூலை தருவதாகச் சொல்லியிருந்தார். பின்னால் ஓர் அறையும் இருந்தது. கம்பெனிப் பலகை இருந்தால் தருகிறேன், கண்ட கண்ட ஆளை உட்கார வைக்கமாட்டேன் என்பது அவர் பேச்சு. பலகை வந்தால் கடை வரும்; கடை வந்தால் மனைவியும் பிள்ளையும் வருவார்கள். என் கணக்கு அவ்வளவுதான்.

பயிற்சிக்குப் பதினான்கு பேர் சேர்ந்தோம். சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று இந்த ஊரில் ஓடிய சைக்கிள்களில் பாதியை எங்கள் கைதான் ஓட்டிக்கொண்டிருந்தது. எங்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கச் சிங்கப்பூரிலிருந்து ஒரு துரை வந்தார். கையில் ஒரு சின்னப் புத்தகம். அதைப் பார்த்து அவர் வாசிப்பார். கம்பெனிக் குமாஸ்தா, கிராணி என்பார்கள், ஒருவர் அதை மலாயிலும் தமிழிலும் மாற்றிச் சொல்வார். ஸ்பேனரை எந்தக் கையில் பிடிக்க வேண்டும் என்று ஒரு முழு மத்தியானம் சொன்னார்கள். பதினைந்து இருபது வருஷம் ஸ்பேனர் பிடித்துக் காய்த்துப்போன கைகளை மடியில் வைத்துக்கொண்டு நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

கம்பிகள் ஒரே அளவு இறுகியிருக்கின்றனவா என்று நாங்கள் விரலால் தட்டிக் காதால் கேட்போம். எல்லாக் கம்பியும் ஒரே ஓசை கொடுத்தால் சக்கரம் சரி. நான் அப்படித் தட்டியதைத் துரை பார்த்துவிட்டு ஏதோ சொல்ல, கிராணி சிரித்துக்கொண்டே திருப்பிச் சொன்னார்: “தொர கேக்குறாரு, இது என்னா பாட்டுக் கச்சேரியான்னு.” முன் வரிசையில் உட்கார்ந்திருந்த என் முதலாளியும் சிரித்தார்.

ஆமாம், அவரும் சேர்ந்திருந்தார். “கடைக்கு ஒரு பேரு வேணும்லா தம்பி. நம்ம கடையில ரெண்டு சர்ட்டிபிகேட்டு தொங்கட்டும்” என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

வகுப்பை வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒன்றரை மணிக்கு வைத்தார்கள். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் ஜும்ஆத் தொழுகை முடித்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு நான் ஓடி வருவதற்குள் பத்து நிமிஷம் போய்விடும். ஒவ்வொரு வாரமும் கிராணி என் பெயருக்கு நேராகத் தாமதம் என்று எழுதினார். முதலாளி எனக்கும் பின்னால்தான் வருவார். ரிக்‌ஷாவில் வந்து இறங்குவார். அவர் பெயருக்கு நேராக எதுவும் எழுதவில்லை.

பரீட்சை இரண்டு பங்கு. ஒன்று தாளில் எழுதுவது. மற்றது, கம்பெனி ஆளுக்கு ஒரு ரிம், ஒரு ஹப், முப்பத்திரண்டு கம்பி கொடுக்கும். கொண்டுபோய் ஒரு வாரத்தில் சக்கரமாக்கிக் கொண்டுவர வேண்டும். முதலாளி தமக்குக் கொடுத்த சாமான் கட்டைக் கொண்டுவந்து என் வேலைப் பலகைமேல் வைத்தார். “எனக்கு இதுக்கெல்லாம் எங்க நேரம்? நீயே பாத்துக்க தம்பி” என்றார். ஏதோ தேத்தண்ணி வாங்கி வரச் சொல்வதுபோல் சொன்னார். நானும் சரி முதலாளி என்றேன்.

இந்த இடத்தில் என்மேலேயே எனக்கு வருகிற கோபத்தைச் சொல்லாவிட்டால் நான் பொய்யன். இரண்டு கட்டையும் பிரித்து ஒன்றாகக் கொட்டினேன். அறுபத்து நான்கு கம்பியையும் ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். துளிக்கூட வளைவில்லாதவை, மரை சுத்தமாக இருந்தவை என்று முப்பத்திரண்டைப் பொறுக்கி முதலாளியின் பக்கம் வைத்தேன். இரண்டு ஹப்பையும் சுற்றிப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு ஓடியது முதலாளிக்கு, கரகரத்தது எனக்கு. யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. சகன் சாப்பாட்டில் ஒரே தட்டைச் சுற்றி உட்காரும்போது நல்ல கறித்துண்டைப் பெரியவர் பக்கம் தள்ளிவிடுவோமே, அந்தப் பழக்கம். முதலாளியின் சக்கரத்தைவிட வேலைக்காரன் சக்கரம் நன்றாக இருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்குக் கவலை. பரீட்சையில்கூட மரியாதை பார்த்த முட்டாள் நான்.

இரண்டு ரிம்மிலும் 786 கீறினேன். இரண்டு சக்கரமும் கோணல் இல்லாமல் ஓடின. ஆனால் முதலாளியின் சக்கரம் ஓடியதைப் போல இன்னொன்றை நான் அதற்கு முன்னும் கோத்ததில்லை, பின்னும் கோத்ததில்லை.

எழுத்துப் பரீட்சையில் சக்கரம் கோக்கும் முறையை வரிசையாக எழுதச் சொன்னார்கள். கிராணி கேள்வியைப் படித்துச் சொன்னார். நான் இரண்டு பக்கம் தமிழில் எழுதினேன். முதல் கம்பி எங்கே என்பதிலிருந்து கடைசியில் காது வைத்துக் கேட்பதுவரை ஒன்று விடாமல் எழுதினேன். கிராணி தாளை வாங்கிப் பார்த்து, “தமிழ்ல எழுதினா யாரு படிக்கிறது?” என்றார். “நீங்க படிக்கலாமே” என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

முடிவைக் கம்பெனி வாசலில் ஒட்டினார்கள். பதினான்கு பேரில் மூன்று பேர் தேறியிருந்தார்கள். முதலாவதாக என் முதலாளி. அவர் சக்கரம் மிகச் சிறந்தது என்று தனியாக ஒரு வரி. என் பெயருக்கு நேராக: எழுத்தில் பூஜ்யம், சக்கரத்தில் கம்பிகள் சீராக இல்லை, ஹப் கரகரக்கிறது. கிராணி அதை வாசித்துச் சொன்னார். ஒரே கை கோத்த இரண்டு சக்கரம். ஒன்று தலைமேல் ஏறியது, ஒன்று குப்பைக்குப் போனது.

முதலாளி கடை ஆட்களுக்கெல்லாம் லட்டு வாங்கிக் கொடுத்தார். எனக்கும் ஒன்று. பிறகு என்னைத் தனியாக அழைத்து, தோளில் கை போட்டு, மெதுவாகச் சொன்னார்: “தம்பி, இனிமே கம்பெனி வண்டி வந்தா நீ பின்கட்டுல வெச்சு வேலை செய். முன்னால உக்காந்து செஞ்சா, சர்ட்டிபிகேட்டு இல்லாத ஆளு தொடுறானேன்னு யாராச்சும் கேப்பாங்க.”

பல்லைக் கடித்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். ஒன்பது வருஷம் வெளிச்சத்தில் செய்த வேலையைத் திருட்டு வேலைபோல் இருட்டில் செய்யத் தொடங்கினேன். மருந்துக்கடைத் தவுக்கே அந்த மூலையை ஒரு பழக்கடைக்குக் கொடுத்துவிட்டார்.

அந்த மாதம் சுங்கை பாக்காப் போனபோது மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே கேட்டாள்.

“ரெண்டு சக்கரத்துல எது நல்லா இருந்துச்சு?”

“முதலாளியோடது.”

“அத யாரு கோத்தது?”

“நான்தான்.”

“நல்ல கம்பிய அந்தப் பக்கம் வெச்சது?”

நான் பிள்ளையின் சோற்றுத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன்.

“அப்ப ஒங்களத் தோக்கடிச்சது தொரையும் இல்ல, முதலாளியும் இல்ல” என்று சொல்லிவிட்டுப் பிள்ளையின் வாயைத் துடைத்தாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் சொன்னது பாதிதான் சரி. நான் மரியாதையாகத் தள்ளிவிட்டதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டவர்களுக்கும் வெட்கம் இருக்க வேண்டாமா?

அடுத்த வருஷம் மறுபடியும் பயிற்சி. இந்தத் தடவை செய்முறைப் பாடத்துக்கு உள்ளூரிலேயே ஒருவரைக் கம்பெனி நியமித்தது. யார் என்று சொல்ல வேண்டியதில்லை. முதலாளி என்னை மேசைக்கு அழைத்தார். “நான் பேசுறேன், நீ பக்கத்துல நின்னு கோத்துக் காட்டு. இந்த வருஷம் ஒன் பேரு லிஸ்ட்டுல வர்ற மாதிரி தொரகிட்ட நான் சொல்லி வெக்கிறேன்” என்றார். மறுபடியும் தவுக்கேயைப் போய்ப் பார்க்கலாம், வேறு மூலை கிடைக்கும், பிள்ளை என்னைக் கண்டு அழாமல் இருப்பாள் என்றெல்லாம் மனம் ஓடியது. வாயை மூடிக்கொண்டு கோத்துக் காட்டினால் போதும். சரி என்றேன்.

முதல் வகுப்பு. போன வருஷம் தோற்றவர்களில் பாதிப் பேர் மறுபடியும் வந்திருந்தார்கள். சுவரில் ஓர் ஆணியில் போன வருஷத்துச் சக்கரம், அந்தச் சக்கரம், தொங்கியது. துரை அதை எடுத்து எல்லாருக்கும் சுற்றிக் காட்டினார். பயிற்சி பெற்றவன் செய்தால் இப்படி இருக்கும் என்று கிராணி மொழிபெயர்த்தார். உட்பக்க வேலையும் எவ்வளவு சுத்தம் பாருங்கள் என்று துரை ரப்பர் நாடாவை உரித்தார். வால்வுத் துளைக்குப் பக்கத்தில் நான் கீறிய 786 தெரிந்தது.

இது என்ன என்று துரை கேட்டார். நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சிரித்த முகத்தோடு துரையிடம் இங்கிலீஷில் சொன்னார். பிறகு வகுப்பைப் பார்த்துத் தமிழிலும் சொன்னார்: “இது நம்ம பிஸ்மில்லா. எந்த வேலைய ஆரம்பிச்சாலும் நான் இத எழுதாம ஆரம்பிக்கிறதில்ல.”

சக்கரத்தை எடுத்துக்கொண்டார், பொறுத்தேன். பெயரை எடுத்துக்கொண்டார், பொறுத்தேன். என்னைப் பின்கட்டில் தள்ளினார், அதையும் பொறுத்தேன். என் பிஸ்மில்லாவையும் தம்முடையது என்று அத்தனை பேர் முன்னால் சொன்னதை நான் பொறுக்கவில்லை.

மேசைமேல் கோப்பதற்காக வைத்திருந்த புது ரிம்மை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். பையிலிருந்த ஆணியை அவர் கையில் கொடுத்தேன்.

“அப்படின்னா எழுதுங்க முதலாளி. எழுதிட்டு மொதக் கம்பிய நீங்களே போடுங்க.”

“என்னா தம்பி இது, எல்லாரும் பாக்குறாங்க லா” என்றார், அதே மெதுவான குரலில்.

“அதுக்குத்தான் சொல்றேன். எல்லாரும் பாக்கட்டும்.”

துரை கைகட்டிக்கொண்டு நின்றார். பாடத்தில் இதுவும் ஒரு பகுதி என்று நினைத்தாரோ என்னவோ. முதலாளிக்கு வேறு வழி இல்லை. ரிம்மில் 786 கீறினார். அது கோணாமல் வந்தது; நல்ல கையெழுத்து. பிறகு ஒரு கம்பியை எடுத்தார். ஹப்பில் நுழைத்தார். ரிம்மைச் சுற்றினார், நிறுத்தினார், மறுபடி சுற்றினார். முப்பத்திரண்டு துளையும் அவருக்கு ஒன்றுபோலத்தான் தெரிந்தன. வால்வுத் துளைக்கு நேர் எதிரே ஒரு துளையில் கம்பியின் முனையை வைத்தார்.

அந்த அறையில் இருந்த ஒவ்வொருவனுக்கும் அது தப்பு என்று தெரியும். கடைசி பெஞ்சில் இருந்த ஒரு சீன மெக்கானிக், போன வருஷம் என்னோடு தோற்றவன், கேலி இல்லாமல், உதவி செய்கிற குரலில், மலாயில் சொன்னான்: “லூபாங் அங்ஙின் செபெலா, தவுக்கே.” காற்றுத் துளைக்குப் பக்கத்தில், முதலாளி. யாரும் சிரிக்கவில்லை. முதலாளியின் காது சிவந்துபோயிற்று.

துரைக்கு விளங்கிவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தே சொல்வேன், நன்றாக விளங்கிவிட்டது. ஆனால் விளங்கியதாகக் காட்டிக்கொண்டால் முத்திரை குத்திய காகிதம் என்னாவது? கடிகாரத்தைப் பார்த்தார். வகுப்பு இன்றைக்கு இதோடு முடிந்தது, உதவியாளை வெளியே அனுப்புங்கள் என்றார். கிராணி அதை எனக்குத் தமிழில் சொல்ல வாயெடுத்தார். வேண்டாம் என்று கை காட்டினேன். துரை நாடாவை உரித்து மேசைமேல் வைத்திருந்த போன வருஷத்துச் சக்கரத்தை, என் சக்கரத்தை, தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினேன். பெஞ்சில் இருந்தவர்கள் காலை ஒதுக்கி வழிவிட்டார்கள். பிறகு நான் முதலாளியின் கடைக்கும் போகவில்லை. கம்பி இறுக்கும் ஸ்போக் சாவி என் இடுப்பிலேயே இருந்தது.

சான்றிதழ் எனக்கு அந்த வருஷமும் இல்லை, எந்த வருஷமும் இல்லை. முதலாளியிடமிருந்து அதைப் பறித்தார்களா? இல்லை. அதைத்தான் முதலிலேயே சொன்னேனே, இன்றைக்கும் தொங்குகிறது.

நான் ஒரு சந்து முனையில், ஆங்சானா மரத்தடியில் கம்பெனிப் பலகை இல்லாமல் கடை போட்டு உட்கார்ந்தேன். கம்பெனிச் சாமான் கிடைக்காததால் சீனக் கடைகளில் ஜப்பான் சாமான் வாங்கிப் போட்டேன். மனைவி தானாகவே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெர்ரி ஏறி வந்துவிட்டாள். மழை பெய்தால் ஒழுகுகிற ஓர் அறையில் மூன்று பேரும் இருந்தோம்.

இரண்டு வாரம் கழித்துக் கம்பெனிப் பியூன் ஒரு கடிதத்தோடு வந்தார். தமிழர்தான், எனக்குத் தெரிந்தவர். நான் எடுத்துச் சென்ற சக்கரத்தின் ரிம், ஹப், கம்பிகள் எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம், உடனே திருப்பிக் கொடுக்காவிட்டால் போலீசுக்குப் போவோம் என்று எழுதியிருந்தது. அவரே படித்துச் சொன்னார்.

“நாளைக்கி வாங்கண்ணே, தர்றேன்” என்றேன்.

அன்று சாயங்காலம் மரத்தடியில் உட்கார்ந்து அந்தச் சக்கரத்தை அவிழ்த்தேன். நான் கோத்தவற்றிலேயே நல்ல சக்கரம். கடைசியாக ஒரு தரம் எல்லாக் கம்பியையும் விரலால் தட்டிப் பார்த்தேன்; ஒரே ஓசை. பிறகு ஒவ்வொன்றாகத் தளர்த்திக் கழற்றினேன். மனைவி வாங்கி வாங்கி எண்ணி வைத்தாள். ரிம்மில் இருந்த 786 அப்படியே இருந்தது. அதை அழிக்க எனக்கு மனமில்லை.

மறுநாள் பியூன் வந்தார். ரிம்மைக் கையில் கொடுத்தேன். ஹப்பைக் கொடுத்தேன். முப்பத்திரண்டு கம்பியையும் சணலால் கட்டிக் கொடுத்தேன். அவர் கட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்னா தம்பி இது, சக்கரத்தக் கேட்டாங்க லா.”

“கடுதாசில கேட்டதெல்லாம் இதுல இருக்கு, எண்ணிப் பாத்துக்கச் சொல்லுங்கண்ணே. சக்கரம் வேணும்னா, சர்ட்டிபிகேட்டு வெச்சிருக்கிறவரக் கோத்துத் தரச் சொல்லுங்க.”